தங்கவயலில் ஒரு லைன் வீடு

பங்காரப்பேட்டையில் வண்டி மாறியதிலிருந்து என் மகளுக்கு ஒரே கேள்விதான்: "தங்கம் எங்கேம்மா?" பத்து வயது. 2018-ல் வந்த அந்தக் கன்னடப் படத்தை டி.வி.யில் நான்கு முறை பார்த்தவள். கோலார் தங்கவயல் என்றால் துப்பாக்கியும் புழுதியும் என்று முடிவு கட்டியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் வந்து போயின. கடைசியில் மாரிகுப்பம். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை.

நான்கு நாள் தங்கல், என் பெரியப்பாவின் லைன் வீட்டில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். பெரியப்பாவின் அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர். அந்தக் காலத்து வட ஆற்காட்டிலிருந்து இப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலமும் இல்லாமல், மரியாதையும் இல்லாமல் இருந்த தலித்துகள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, அவர் மறைவுக்குப் பின் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்து வெளிவந்தது. இன்றும் தெருவில் காதில் விழுவது தமிழ்தான், நடுநடுவே கன்னடமும் தெலுங்கும் கலந்து.

முதல் நாள் மகளுக்குப் பிடிக்கவில்லை. குடத்தோடு தண்ணீருக்கு நிற்க வேண்டியிருந்தது. செல்போனில் சிக்னல் வந்து வந்து போனது. இரண்டாம் நாள் பெரியம்மாவோடு குழாயடிக்குப் போனவள், திரும்பி வரும்போது மூன்று சிநேகிதிகளோடு வந்தாள்.

சாயங்காலம் சயனைடு மலையைப் பார்க்கப் போனோம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுப் பாத்திரம் வரை வருகிறது. இதிலும் இன்னும் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. 13 குவியல்களிலிருந்து அதை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. "மறுபடி வேலை வரும்னு பசங்க பேசிக்கிறாங்க" என்றார் பெரியப்பா. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவருக்கு 78 வயது. 34 வருஷம் சுரங்கத்துக்குள் வேலை. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்தவர். "நீங்க வேலை செஞ்ச இடத்தைக் காட்டுங்க தாத்தா" என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். எதைக் காட்டுவது? உள்ளே தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. பெரியப்பா யோசித்துவிட்டு, "நாளைக்குக் காட்றேன் கண்ணு" என்றார்.

மறுநாள் காலை கைத்தடியோடு கிளம்பினார். வீட்டு வாசலில் ஒரு கோடு போட்டு, "இது தரை. இனிமே கீழ போறோம்" என்றார். ரோட்டில் நடக்க நடக்கக் கணக்குச் சொன்னார். டெலிபோன் கம்பம் வந்ததும், "இது ஆயிரம் அடி". அடுத்த திருப்பத்தில் இரண்டாயிரம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கு மேல், அதாவது சுமார் 3.2 கி.மீ. ஆழம். ஒரே கூண்டில் அடி வரை இறங்க முடியாது, நடுவில் மாற வேண்டும். கீழே பாறையின் சூடு 60 டிகிரிக்கும் மேல். பாறைக்குள் அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் மேலே லைன் வீட்டுப் பாத்திரங்கள் உருளும். அப்படி உருண்டால் பெண்கள் சமையலைப் போட்டுவிட்டு சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். பெரியம்மா எத்தனை முறை ஓடினார் என்று கேட்டேன். "எண்ணலமா" என்று பதில் வந்தது.

ஐயாயிரம் அடியில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. சமதரை, காலை வெயில்கூட ஏறவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போங்க. ஏழாயிரத்தி அறநூறு அடிகிட்ட பம்பாய்க்காரங்க இருந்தாங்க, அதைச் சொல்லு புள்ளைக்கு" என்றார். சொன்னேன். 1965-ல் அந்த ஆழத்தில்தான் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பான், இங்கிலாந்து ஆட்களோடு சேர்ந்து, வான்வெளியிலிருந்து வரும் கதிர்களால் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தைப் பிடித்தார்கள். மகள் நின்று ரோட்டைப் பார்த்தாள். ஒரு பன்றியும் இரண்டு குட்டிகளும் அதைக் கடந்து போயின.

பத்தாயிரம் எண்ணி முடிக்கும்போது அவள் கால் தேய்ந்திருந்தது. "ஆட்டோ பிடிக்கலாம்மா." பிடிக்கவில்லை. திரும்பி நடந்தே வந்தோம். பெரியப்பா இன்னும் அதே பெஞ்சில் இருந்தார். டீ ஆறிப் போயிருந்தது.

"அடி வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன் தாத்தா."

"தங்கம் கெடைச்சுதா?"

"இல்ல."

"எனக்கும்தான்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

கிளம்பிய அன்று விடிவதற்கு முன்பே மாரிகுப்பம் ஸ்டேஷனில் கூட்டம். எல்லாம் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். சாப்பாட்டுப் பை, கம்பளிக் குல்லாய். இரவில்தான் திரும்புவார்கள். பெங்களூருக்கு முன்பே, 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊர் இது. எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. பக்கத்து லைன் பையன் ஒருவன் நகர்ந்து மகளுக்கு இடம் கொடுத்தான். உரிகம் வருவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.