முதல் நான்கு சுரத்துக்கே கைதட்டல்

நியூயார்க் பிராட்வே வட்டாரத்தில் பழைய அரங்கு ஒன்று. கீழ்த்தளத்தில் கடைசி வரிசை நாற்காலிகள் சிலவற்றைப் பெயர்த்துவிட்டு ஒலிக் கலவை மேசையைப் போட்டிருக்கிறார்கள். அதை இயக்கும் பெண்ணின் கண் மேடையில், விரல்கள் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்களில். ஒரு நடிகர் பேச வாயைத் திறக்கும்போது அவருடைய ஃபேடர் மேலே போகிறது. பேசி முடித்ததும் இறங்குகிறது. பதில் சொல்பவருக்கு அடுத்த விரல். வசனத்துக்கு வசனம் இப்படியே இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். நடிகர்களின் நெற்றி முடிக்குள்ளும் விக்குக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் மைக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் மூச்சும் துணி உரசலும்தான் கேட்கும் என்பதால் இந்த வேலையை மனித விரல்தான் செய்தாக வேண்டும்.

முதல் அங்கத்தின் நடுவில் காதலன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். காதலி தனியாக நிற்கிறாள். கீபோர்டில் நான்கு சுரம். அவ்வளவுதான், கூட்டம் கைதட்டியது. 'ஓ' என்று ஒரு கூவல், மாடியிலிருந்து சிரிப்பு. 1980-களில் வானொலியைத் திறந்தாலே ஒலித்த பாட்டு அது. நடிகை பாடிய முதல் வரி அந்த ஆரவாரத்தில் மூழ்கிப்போனது. கலவை மேசைப் பெண் தன் பிரதியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கூட்டத்துக்கு ஆனந்தம், மேசைக்குப் பின்னால் நின்ற இயக்குநருக்கு மட்டும் முகம் சுண்டிவிட்டது.

நான் போனபோது பிரிவியூ தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. தொடக்க நாளுக்கு முன்பு நாடகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே விட்டார்கள். பிரிவியூ என்றால் டிக்கெட் விற்று, கூட்டம் உட்கார்ந்து, நாடகம் மட்டும் முடியாமல் இருக்கும் காலம். மதியம் ஒத்திகை, இரவில் காட்சி. மதியம் ஒரு காட்சியைப் புதிதாக எழுதிப் பழகுவார்கள். அதற்கான இசைத்தாளும் விளக்கமைப்பும் தயாராகாததால் இரவில் பழையதையே நடிக்க வேண்டியிருக்கும். இரண்டு வடிவமும் தலைக்குள் கிடக்க, எதைச் சொல்கிறோம் என்று குழம்பாமல் நடிப்பது இந்த நடிகர்களின் தனித் திறமை. பத்திரிகை விமர்சகர்கள் இந்த நாட்களில் எழுதக் கூடாது என்பது வழக்கம். பிரிவியூவின் கடைசிச் சில காட்சிகளுக்குத்தான் அவர்களை அழைப்பார்கள்.

ஏற்கெனவே ஊரறிந்த பாடல்களை எடுத்து, அவற்றைச் சுற்றிக் கதை கட்டுவதுதான் ஜூக்பாக்ஸ் மியூசிக்கல். ஸ்வீடனின் 'ஆபா' குழுவின் பாடல்களை வைத்து 1999 ஏப்ரலில் லண்டனில் தொடங்கிய 'மம்மா மியா', 2001 அக்டோபர் 18 அன்று நியூயார்க் வின்டர் கார்டன் அரங்குக்கு வந்தது. இரட்டைக் கோபுரம் விழுந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அந்த ஊர் அப்போது சிரிக்க ஏதாவது காரணம் கிடைக்காதா என்று காத்திருந்தது. 2015 செப்டம்பர் வரை 5,758 காட்சிகள். அதற்குப் பிறகு கையில் பழைய பாட்டின் உரிமை வைத்திருந்த ஒவ்வொருவரும் ஒரு நாடகக் கனவு கண்டார்கள்.

கனவு காண்பது எளிது. பிரிவியூவில் இந்த வகை நாடகத்தைத் திருத்துவதுதான் கடினம். புதிதாக இசையமைத்த நாடகமாக இருந்தால், ஒரு பாட்டு எடுபடவில்லை என்று தெரிந்ததும் இசையமைப்பாளர் அறைக்குப் போய் வேறொன்று எழுதிவிடுவார். 1962-ல் ஸ்டீபன் சோண்ட்ஹைம் அப்படித்தான் செய்தார். 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்' வாஷிங்டன் முன்னோட்டத்தில் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. பார்க்க வந்த நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் தொடக்கப் பாட்டை மாற்றச் சொன்னார். 'காமெடி டுநைட்' பிறந்தது. அதே நாடகம், அதே நடிகர்கள், கூட்டம் சிரித்தது. ஜூக்பாக்ஸ் நாடகத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. மேடையில் கதையோடு சேர்த்துப் பாடும் உரிமையைப் பாட்டின் உரிமையாளரிடம் தனியாகப் பேசி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் வரியில் கை வைக்க முடியாது. சுருதியை ஏற்றி இறக்கலாம், வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஒரு சரணத்தை விடலாம். மற்றபடி பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சைத்தான் செதுக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கூட்டத்தின் கைதட்டலை நம்ப முடியாமல் போவது. நான்கு சுரத்துக்கு வந்த ஆரவாரம் யாருக்கு? அந்த நடிகைக்கு இல்லை; அவள் இன்னும் பாடவே தொடங்கவில்லை. கதைக்கும் இல்லை. பதினாறு வயதில் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் தங்கள் பதினாறு வயதுக்குத் தட்டிக்கொண்டார்கள். அதை வெற்றி என்று எண்ணி மகிழும் தயாரிப்பாளர் தொடக்க நாளுக்கு மறுநாள் காலை விமர்சனத்தைப் படித்து அதிர்ந்து போவார்.

அதனால் இங்கே அனுபவசாலிகள் கைதட்டலைக் கணக்கில் எடுப்பதில்லை, இருமலை எடுக்கிறார்கள். மேடை மேலாளர் ஒவ்வொரு இரவும் ஓர் அறிக்கை எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறார்: அங்கம் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் ஓடியது, எந்த விளக்கு தாமதித்தது, யார் எந்த வசனத்தை விட்டார்கள், கூட்டம் எப்படி இருந்தது. அந்தக் கடைசி வரிதான் எனக்குச் சுவையாக இருந்தது. எந்தப் பாட்டுக்கு எழுந்து ஆடினார்கள் என்று அதில் இருக்காது. தாய்க்கும் மகளுக்கும் இடையிலான சமையலறைப் பேச்சில் நிகழ்ச்சித்தாள் சலசலத்தது, இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் கைப்பேசி ஒலித்தது, இப்படித்தான் இருக்கும். மேடை மேலாளர் வேலை செய்வது பார்வையாளர் கண்ணில் படாத மேசையில். 'தயார்' என்றும் 'போ' என்றும் அவர் ஹெட்செட்டில் சொன்னால்தான் விளக்கு மாறும், தட்டி நகரும். முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் மேடை, மற்றதில் இசை நடத்துநரின் முகம். கூட்டத்தை அவர் பார்ப்பதே இல்லை. எல்லாம் காதுதான்.

இடைவேளையில் காதுகொடுக்கும் அதே வேலையை அஷர்கள், அதாவது இருக்கை காட்டும் ஊழியர்கள், செய்கிறார்கள், யாரும் கேட்காமலே. பெண்கள் கழிப்பறை வரிசை படிக்கட்டு வரை நீளும். பிராட்வே அரங்குகள் பெரும்பாலும் நூறு வயதை நெருங்கியவை அல்லது தாண்டியவை. அந்தக் காலத்துக் கட்டடக்காரர்களுக்குக் கழிப்பறை பற்றி அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வரிசையில் நிற்பவர்கள் பாட்டைப் பற்றிப் பேசினால் நாடகம் ஆபத்தில் இருக்கிறது, கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பேசினால் பிழைத்துவிடும் என்பது பல வருடங்களாக அங்கே நிகழ்ச்சித்தாள் கொடுக்கும் மூதாட்டி ஒருவரின் கணக்கு. அன்று அவர் காதில் விழுந்தது எல்லாம் பாட்டுதான். யார் எந்தக் கச்சேரிக்குப் போனார்கள், எந்த கேசட் தேய்ந்து அறுந்தது என்ற பேச்சு.

மறுநாள் மதிய ஒத்திகையில் அந்த நான்கு சுரத்தோடுதான் போராட்டம். இந்தத் தொழிலில் 'பட்டன்' என்று ஒன்று உண்டு: பாட்டின் முடிவில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து போடும் ஒரே அடி, விளக்கும் அதே நொடியில் வெட்டும், கூட்டத்தின் கை தானாகத் தட்டும். பட்டனை எடுத்துவிட்டுப் பாட்டை நேராக வசனத்துக்குள் கரையவிட்டால் தட்ட இடமே கிடைக்காது, கதை நகரும். 'வாம்ப்' என்பது இன்னொன்று: நடிகர் தயாராகும் வரை திரும்பத் திரும்ப வாசிக்கும் சில மாத்திரைகள். ஆரவாரம் அடங்கும் வரை வாம்ப் போட்டு நிறுத்தலாம் என்றார் இசை நடத்துநர். அப்படிச் செய்தால் தட்டச் சொல்லிக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்றார் இயக்குநர். நான் இயக்குநர் பக்கம். கடைசியில் கீபோர்டை நீக்கிவிட்டு, காதலன் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கித்தார் ஒன்று மட்டும் வேறு நடையில் அடியில் நுழைவது என்று முடிவானது. அது இன்ன பாட்டு என்று கூட்டம் கண்டுபிடிப்பதற்குள் அவள் ஒரு வரி பாடி முடித்திருப்பாள்.

முடிவு எடுக்க ஒரு மணி நேரம்; அதற்குப் பின்னால் ஓர் இரவு. இசைத்தாள் நகலெடுப்பவர்கள் ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் திருத்திய பக்கத்தை அச்சிட்டுக் கோப்பில் மாற்ற வேண்டும். விளக்குக்காரர் குறிப்புகளை நகர்த்த வேண்டும். கலவை மேசைப் பெண் எந்த எழுத்தில் எந்த விரல் என்பதைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டும். விளம்பரப் பலகையில் இவர்கள் யார் பெயரும் வராது.

இந்த நுட்பத்தை நன்றாகக் கையாண்ட நாடகம் 'ஜெர்சி பாய்ஸ்' என்பேன். ஃபோர் சீசன்ஸ் என்ற பாடகர் குழுவின் கதை. 2004-ல் சான் டியேகோ பக்கத்து லா ஹோயாவில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு, 2005 நவம்பரில் பிராட்வேக்கு வந்தது. பெயர்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவற்றை அது எடுத்ததும் இறக்கவில்லை. அந்தப் பையன்களின் திருட்டு, சிறை, கடன் எல்லாம் வெகு நேரம் ஓடிய பிறகுதான் 'ஷெர்ரி' வருகிறது. அதற்குள் கூட்டத்துக்கு அந்த நால்வரும் வேண்டியவர்களாகிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் பாடகர்கள் முதுகைக் காட்டி நின்று பாடுகிறார்கள், எதிரிலிருந்து விளக்கு நம் கண்ணில் அடிக்கிறது. நாம் இருப்பது கச்சேரியின் பின்பக்கம்! 4,642 காட்சிகள் ஓடியது.

அதே 2005-ல் மற்றவை என்ன ஆயின? பீச் பாய்ஸ் பாடல்களைக் கோத்த 'குட் வைப்ரேஷன்ஸ்' 94 காட்சிகள். 'லெனன்' 49. எல்விஸ் பாடல்களின் 'ஆல் ஷுக் அப்' 213. பாட்டுக்கா பஞ்சம்? பீச் பாய்ஸையும் எல்விஸையும் விடத் தெரிந்த பாட்டு அமெரிக்காவில் எது? பில்லி ஜோயல் பாடல்களை முழுக்க நடனமாக்கிய நடன இயக்குநர் ட்வைலா தார்ப்பின் 'மூவின் அவுட்' 2002-ல் சிகாகோ முன்னோட்டத்தில் கடும் விமர்சனம் வாங்கியது. தார்ப் முதல் அங்கத்தைப் பிரித்து மறுபடி கட்டினார். நியூயார்க்கில் 1,303 காட்சிகள். அடுத்து பாப் டிலன் பாடல்களை எடுத்தார், 2006-ல். 28 காட்சிகளில் மூடினார்கள். ஆக, ஒரே ஆளின் கைக்குக்கூட இது இரண்டு முறை வசப்படவில்லை.

விமர்சகர் சொன்னதுதான் நடக்கும் என்றும் இல்லை. குயீன் குழுவின் 'வீ வில் ராக் யூ' 2002 மே மாதம் லண்டன் டொமினியன் அரங்கில் தொடங்கியபோது பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. வாசலுக்கு மேலே ஃப்ரெடி மெர்க்குரியின் பொன்னிறச் சிலையோடு அது 12 வருடம் ஓடியது.

பாட்டு தெரிந்தால்தான் இந்த வித்தை பலிக்கும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் தயாரித்த 'பாம்பே ட்ரீம்ஸ்' முழு ஜூக்பாக்ஸ் இல்லை, ஏ.ஆர். ரஹ்மான் அதற்கென்றும் இசையமைத்தார். ஆனால் 'உயிரே' படத்தின் 'தைய்யா தைய்யா'வின் இந்தி வடிவமும் 'முதல்வன்' படத்தின் 'ஷக்கலக்க பேபி'யும் அதில் இருந்தன. 2002 ஜூனில் லண்டன் அப்பல்லோ விக்டோரியாவில் தொடங்கி இரண்டு வருடம் ஓடிற்று. அங்கே அந்த மெட்டுகளைக் கேட்டே வளர்ந்த தெற்காசியக் குடும்பங்கள் ஏராளம். 2004-ல் நியூயார்க் போனது. 284 காட்சிகளோடு முடிந்தது. கதை பலவீனம் என்று சொன்னார்கள், உண்மைதான். என் கணக்கில் இன்னொன்றும் சேர்த்தி: முதல் சுரத்துக்கே சிலிர்க்கும் ஆட்கள் அந்த அரங்கில் போதுமான அளவு உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தச் சிலிர்ப்பு அளவு மீறினாலும் வம்புதான். 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் பேலஸ் அரங்கில் விட்னி ஹூஸ்டன் பாடல்கள் நிறைந்த 'தி பாடிகார்ட்' நடந்தது. உச்சக்கட்டப் பாட்டை நடிகையை மீறிச் சிலர் உரக்கப் பாடினார்கள். அடக்கப் போன ஊழியர்களோடு தகராறு, போலீஸ் வந்தது, முடிய சில நிமிடமே இருக்கையில் காட்சி நிறுத்தப்பட்டது. அங்கே உதையும் வசையும் வாங்குவது டார்ச் விளக்கோடு நிற்கும் அஷர். நான் பார்த்த அரங்கில் இதற்கு எளிய ஏற்பாடு: நாடகம் முடிந்து நடிகர்கள் வணங்கிய பிறகு ஐந்தாறு பாடல்களைச் சேர்த்து 'மெகாமிக்ஸ்'. அதுவரை பாடாதீர்கள், அப்போது எழுந்து ஆடலாம் என்று அறிவிப்பு. 'மம்மா மியா' காட்டிய வழி இது. நீல் டயமண்ட் பாடல்களின் 'எ பியூட்டிஃபுல் நாய்ஸ்' நியூயார்க்கில் தொடங்கிய 2022 டிசம்பர் 4 அன்று டயமண்டே தன் இருக்கைப் பக்கமிருந்து 'ஸ்வீட் கரோலைன்' பாடினார். அவரை யார் அடக்குவது?

கித்தார் நுழைந்த முதல் இரவு அரங்கில் குழப்பம். இரண்டாம் வரியில்தான் சிலர் அடையாளம் கண்டார்கள், கைதட்டல் வரவில்லை. பாட்டு முடிந்தபோது வந்தது, முன்பைவிடக் குறைவாக. முன்வரிசை நடுவில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் இசைத்தட்டில் கேட்டதுபோல் இல்லையே என்று முறையிட்டதாக அஷர் சொன்னார். தயாரிப்பாளர்களில் ஒருவர் பழைய தொடக்கத்தையே திரும்பக் கேட்டார். இயக்குநர் இன்னும் இரண்டு காட்சி பார்க்கலாம் என்றார். 'ஃப்ரீஸ்' நாளுக்கு, அதாவது இனி ஒரு சொல்லும் மாறாது என்று நாடகத்தைப் பூட்டும் நாளுக்கு, இன்னும் அவகாசம் இருந்தது.

அன்றைய அறிக்கையில் மேடை மேலாளர் முதல் அங்கம் நான்கு நிமிடம் குறைந்திருப்பதாக எழுதினார். சமையலறைக் காட்சியில் இருமல் குறைவு. மறுநாள் ஒத்திகை மதியம் ஒரு மணிக்கு; இரண்டாம் அங்கத்தின் மூன்றாம் பாட்டில் ஒரு சரணம் வெட்டப்படும், கித்தார் கலைஞர் அரை மணி முன்னதாக வரவும்.