வீட்டுக்கு ஓர் ஆள்

மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் வீட்டில் எழும் முதல் கேள்வி எந்தக் காலேஜ் என்பதல்ல. அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் எப்போது என்பதுதான்.

காரணம் எளிது. குடியிருக்கும் லயம் கம்பெனிக்குச் சொந்தம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் கொஞ்சம் திண்ணை. தோட்டத்தில் வேலை இருக்கிறவரைதான் அது வீடு. வேலை முடிந்தால் காலி செய்துவிட வேண்டும். மூன்று தலைமுறையாக அதே அறையில் வாழ்ந்தவர்களுக்கும் இதுதான் விதி. வீடு தங்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து எடுக்கப் போக வேண்டும்.

ஒரு பெண். பெயர் வேண்டாம், அவள் கதை அங்கே பலருடைய கதை. பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மலை ஏற மாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டான். அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. அவளுக்கோ பி.காம். ஆசை. மூன்று வருடப் படிப்பு, இரண்டு வருட வீடு. இந்தக் கணக்குக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை.

"நீ போயி படிடி. வீட்ட அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

கீழே, சமவெளியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. பாடம் ஆங்கிலத்தில். விளக்கம் மலையாளத்தில். அவள் யோசிப்பது தமிழில். மலையாளம் அவளுக்குப் பேச வரும்; வேகமாக எழுத வராது. எனவே ஆசிரியர் சொல்லும் மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டாள். இரவில் அதை வாசித்தால் பாதி புரியவில்லை. வல்லெழுத்து நான்கையும் ஒரே 'க'வில் அடக்கும் தமிழில், எந்த 'க' எந்த 'க' என்று யார் கண்டது? ஹாஸ்டலில் சிலர் 'பாண்டி' என்று கூப்பிட்டார்கள். விளையாட்டுக்குத்தான் என்றார்கள். அவளும் சிரித்துவைத்தாள். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் போயிற்று. வீட்டுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் "எல்லாம் நல்லா போகுதும்மா" என்பாள்.

எல்லை தாண்டி போடிக்கோ உடுமலைப்பேட்டைக்கோ போய்ப் படித்த தோழிகளின் கதை வேறு மாதிரி. அங்கே மொழி சொந்தம். ஆனால் அவர்கள் 'கேரளாக்காரி'. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அன்று போட்ட கோடு இப்படித்தான் காலேஜ் அட்மிஷன் பாரத்தில் வந்து நிற்கிறது.

அந்தப் பாரத்தில் இன்னொரு கட்டம் உண்டு: ஜாதி. பட்டியல் இனத்தவர் யார் என்பதை மாநிலவாரியாக வகுத்த ஆணை 1950இல் வந்தது. அதற்குப் பிறகு மாநிலம் மாறி வந்தவருக்குப் புதிய இடத்தில் அந்தத் தகுதி கிடைக்காது. ஆகவே பதினெட்டு வயதுப் பிள்ளை, தன் பாட்டனோ பூட்டனோ 1950க்கு முன்பே மலை ஏறியதை நிரூபிக்க வேண்டும். கங்காணியின் பின்னால் நடந்து வந்த மனிதர் என்ன காகிதம் வைத்திருப்பார்? தோட்டத்துப் பழைய பேரேட்டில் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். சான்றிதழ் இல்லாவிட்டால் ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை.

மாணவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் வலை அல்ல இது. 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஏ. ராஜா, கேரள சட்டமன்றத்தில் தமிழில் பதவிப்பிரமாணம் எடுத்தார். வாசகத்தில் சில சொற்கள் விடுபட்டதால் மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவருடைய தேர்தலே செல்லாது என்றது. அவருடைய மதம் என்ன, முன்னோர் எப்போது கேரளத்துக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அலசப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் டெல்லிவரை போய் வாங்கிய விடையை, லயத்துப் பெண் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் வாங்க வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலை. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழர்கள் பலருக்குச் சொந்த வீடும் துண்டு நிலமுமாவது இருக்கும். சோகநாசினி ஆற்றங்கரையில் 1947இல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. மலையாள மொழியின் தந்தை எனப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததும் அதே சித்தூரில்தான். இரண்டு மொழிக்கும் ஓர் ஊர் இடம் கொடுக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. மூணாறு அரசுக் கல்லூரியிலும் தமிழ் இருக்கிறது. ஆனால் 2018 ஆகஸ்ட் மழையில் தேவிகுளம் சாலையில் மலை சரிந்து அதன் கட்டடம் சிதைந்தது. வகுப்புகள் வேறிடம் போயின. மலையில் படிப்பும் மழையை நம்பித்தான்.

அந்த ஆண்டின் இன்னொரு இழப்பை மலைக்காரர்கள் இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். வட்டவடையைச் சேர்ந்த அபிமன்யு எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தவர். ஏழைத் தமிழ்க் குடும்பம். காய்கறி லாரியில் இடம் பிடித்துக் கல்லூரிக்குத் திரும்பியவர், 2018 ஜூலை 2ஆம் தேதி அதிகாலைக்குள் குத்திக் கொல்லப்பட்டார். வயது 20. மாணவர் சங்கச் சண்டை, சுவரெழுத்துத் தகராறு என்று பத்திரிகைகள் எழுதின. "நான் பெத்த மகனே" என்று அவர் தாய் தமிழில் கதறியது கேரளம் முழுக்கக் கேட்டது. பிறகு அதுவே ஒரு மலையாள சினிமாவுக்குத் தலைப்பும் ஆனது. வட்டவடையில் அவர் பெயரில் ஒரு நூலகம் திறந்தார்கள். மலையிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார்களுக்கு நூலகத்தைவிட அந்தக் கதறல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. நம் பெண்ணின் தாயும் அப்படித்தான். போன் எடுக்கத் தாமதமானால் பதறிவிடுவாள்.

அவளுக்கு நல்ல காலம், இரண்டாம் வருடம் ஒரு ஆசிரியை வாய்த்தார். "தமிழிலேயே யோசி, ஆங்கிலத்தில் எழுது, நடுவில் மலையாளத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்றார். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். போன பேப்பர் இரண்டையும் எழுதி முடித்தாள். இனி வருகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் நீளம்: 2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டிலேயே பட்டத்தோடு வெளியேறலாம் என்ற வழியும் உண்டு. லயத்துப் பிள்ளைகளுக்கு எந்தக் கதவு என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் கடைசிச் சம்பளம் வந்தபோது அவளுக்கு மூன்றாம் வருடம் பாதி. பரீட்சையை விட்டுவிட்டு வருவதாகப் போன் செய்தாள். வேண்டாம் என்றார்கள். திருப்பூரிலிருந்து அண்ணி குழந்தையோடு வந்து வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். வீடு தங்கியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் இப்படித் தங்கிய லயங்களின் மேல்தான் மலை சரிந்து 70 பேர் போனார்கள் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

அவள் இப்போது பி.காம். பட்டதாரி. பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள்; பல தேர்வுகளில் தமிழில் வினாத்தாள் கிடைக்கிறது என்பது ஆறுதல். அண்ணி காலையில் காலில் அட்டை ஏறாமல் இருக்க உப்பைத் தேய்த்துக்கொண்டு கொழுந்துக்குப் போகிறாள். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவளும் பிளஸ் டூ பாஸ்.