கவுண்டருக்கு இந்தப் பக்கம்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

தீபாவளி சீசனுக்காக இன்று ஆறு பிள்ளைகள் கடையில் சேர்ந்தார்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு ஆரம்பித்த வியாபாரம், இனி அக்டோபர் 31 வரை மூச்சுவிட நேரம் தராது.

சிவகாசியில் முதன்முதலாக ஒரு பட்டாசுக் கடையில் நான் சேர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. விலைப்பட்டியலையும் கால்குலேட்டரையும் கையில் கொடுத்தார்கள். குருவி வெடி எது, லட்சுமி வெடி எது, எந்த ரகத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்று சாயங்காலத்துக்குள் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பெட்டி கிழிந்து மருந்து கொட்டினால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

ராத்திரி பிராம்ப்டனிலிருந்து அக்கா மகன் பேசினான். கனடாவில் உரிமம் பெற்ற கஞ்சாக் கடையில் விற்பனையாளராக இருக்கிறான். அங்கே 2018 அக்டோபர் 17 முதல் அது சட்டப்படி விற்கும் சரக்கு. இங்கே 1985-ஆம் வருடச் சட்டப்படி கையில் வைத்திருந்தாலே குற்றம். அதனால் அக்கா, சொந்தக்காரர்களிடம் பையன் மருந்துக்கடையில் இருக்கிறான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுடைய மனசு எனக்குப் புரிகிறது.

செப்டம்பர் 25, புதன்

என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று இன்று அவனிடம் துருவித் துருவிக் கேட்டேன். ஒன்டாரியோ மாகாணத்தில் ‘கேன்செல்’ என்ற பயிற்சியை முடித்தால்தான் கவுண்டரில் நிற்க முடியுமாம். பத்தொன்பது வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது. பார்வைக்கு இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தாலே அடையாள அட்டை கேட்க வேண்டும். ஏற்கெனவே போதையில் வருகிறவருக்குக் கிடையாது. ஒரு தடவைக்கு முப்பது கிராமுக்கு மேல் கிடையாது. நாட்டு எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகலாமா என்று கேட்பவரிடம் முடியவே முடியாது என்று சொல்ல வேண்டும்.

“முதுகுவலி போகுமான்னு கேப்பாங்க சித்தி. ‘அதை டாக்டர்ட்ட கேளுங்க’ன்னுதான் சொல்லணும். போகும்னு நாம வாய் விடக்கூடாது.”

மிட்டாய் மாதிரித் தின்கிற ரகம் வாங்குபவரிடம் இன்னும் கவனம் வேண்டுமாம். அது ஏறுவதற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொன்றை வாயில் போட்டுவிடாதீர்கள் என்று எடுத்துச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

அவன் விற்கிற சரக்கு எனக்குப் பிடிக்காது, பிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் அவனைப் பழக்கி நிறுத்தியிருக்கிற விதத்தை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். நம் பட்டாசு ஆலைகளில் போர்மேனுக்குப் பயிற்சி உண்டு; ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. அதே மருந்துதானே கடைக்கும் வருகிறது?

செப்டம்பர் 29, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு, ஷட்டரை முழுக்கத் தூக்காமல், ஆறு பேரையும் உட்கார வைத்தேன். நான்தான் வாடிக்கையாளர்.

“பொதிகைல சென்னைக்குப் போறேன் தம்பி. ரெண்டு பாக்ஸ் கொண்டுபோகலாம்ல?”

“நல்லா பார்சல் பண்ணித் தாரேன்க்கா, வெளிய தெரியாது” என்றான் விருதுநகர்ப் பையன். வியாபாரம் போய்விடக்கூடாதே என்ற ஆசையில் சொன்னது. ரயிலில் பட்டாசு கொண்டுபோனால் மூன்று வருடம் வரை சிறை என்று சொன்னேன். ஓடுகிற பெட்டியில் தீப்பிடித்தால் ஜனங்கள் எந்தப் பக்கம் குதிப்பார்கள் என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது.

அடுத்து, “பச்சைப் பட்டாசுன்னா என்னம்மா?”

“புகையே வராதுக்கா.”

இதுதான் அக்கா மகன் சொன்ன முதுகுவலி. புகை வரும். நாக்பூர் நீரி நிறுவனம் தந்த கலவையில் மாசு முப்பது சதவீத அளவுக்குக் குறையும், அவ்வளவே. சரவெடியும் பேரியம் சேர்த்த ரகமும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தவை. கேட்டு வந்தால் காரணத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்து மூன்று புஸ்வாணம் தரையில் விழுந்தன. ஒன்று உடைந்து சாம்பல் நிறத்தில் மருந்து சிந்தியது, ஒரு கரண்டி சீனி அளவுதான் இருக்கும். அலுமினியப் பொடி லைட் வெளிச்சத்தில் மினுங்கியது. திருத்தங்கலிலிருந்து வரும் பெண் சட்டென்று தகர முறத்தை எடுத்துவிட்டாள். சிமென்ட் தரையில் தகரம் உரச இன்னும் அரை அடிதான்.

கையைப் பிடித்துவிட்டேன். எனக்கும் நெஞ்சு அடித்தது. பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்காமல் ஒதுக்கி, அட்டையில் ஏந்தி வெளியே தனியாகக் கொண்டுபோய் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். அவளையே மற்ற ஐந்து பேருக்கும் செய்து காட்டச் சொன்னேன். தகர முறம் இனி இந்தக் கடையில் கிடையாது.

அக்டோபர் 17, வியாழன்

ரெங்கபாளையம் பட்டாசு விபத்து நடந்து இன்றோடு ஒரு வருடம். பதிமூன்று உயிர், பெரும்பாலும் பெண்கள். மாதிரிக்குக் கொளுத்திப் பார்த்த பட்டாசின் பொறி பறந்துதான் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

மதியம் வெளியூர்க்காரர் ஒருவர், “ஒண்ணே ஒண்ணு கொளுத்திக் காட்டுங்க, பிடிச்சா பத்தாயிரத்துக்கு எடுக்கேன்” என்றார். விருதுநகர்ப் பையன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கடைப்பக்கம் கொளுத்த மாட்டோம் அண்ணாச்சி” என்றான். அவர் போய்விட்டார். முதலாளியிடம் நானே சொன்னேன். “போனா போகட்டும்” என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

கடைசி ஞாயிறு. நிற்க இடமில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன், வியர்த்த கையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்துப் பிடித்துக்கொண்டு அணுகுண்டு கேட்டான். பதினெட்டு நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது வெடிபொருள் சட்டத்திலேயே இருப்பது. திருத்தங்கல் பெண் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து, அவன் உயரத்துக்குக் குனிந்தாள்.

“அப்பாவ கூட்டிட்டு வா தம்பி. நீ கேட்டத எடுத்து வச்சிருக்கேன்.”

பின்னால் நின்றவர்கள் பில்லுக்கு அவசரப்படுத்தினார்கள். அவள் அவசரப்படவில்லை. கால் மணி நேரம் கழித்து, பைக்கை ரோட்டோரம் விட்டுவிட்டு, அப்பா சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், புகைந்து அணைந்த வெடியை ஏன் மறுபடி கையால் தொடக்கூடாது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் அப்பா சட்டையைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.