மரக்காலும் தராசும்

“எந்த ஊரு?” என்றார். சொன்னேன். “ஊரா, காலனியா?” என்றார். அதையும் சொன்னேன். கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, பாதரசம் இறங்குவதைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: “170க்கு 110. கருவாட்ட விட மாட்டீங்க, சாராயத்த விட மாட்டீங்க, அப்பறம் பிரஷர்னு வந்து நிப்பீங்க.”

அது 2009ஆம் வருஷம். எனக்கு 41 வயது. சாராயத்தை நான் தொட்டதே இல்லை. சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து என் அப்பாவும் தொட்டதில்லை. கருவாடு உண்மைதான். உப்பு கூடினால் பிரஷர் ஏறும் என்பதும் உண்மைதான். ஆனால் காலனி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதானே அவருக்குக் கருவாடும் சாராயமும் ஞாபகம் வந்தது? ஒன்றும் பேசாமல் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை. பதில் மாதிரி ஒன்று கிடைக்கப் பல வருஷம் ஆனது. அதுவும் முழுசாக என் பக்கம் சாய்ந்த பதில் இல்லை.

நான் பிறந்தது கீழத்தஞ்சையில் ஒரு சேரி. தேதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதான் இன்றைக்கும் என் பிறந்தநாள். ஆத்தாவுக்குத் தெரிந்த கணக்கு வேறு. “வெண்மணி எரியறதுக்கு ரெண்டு மாசம் முன்னால, ஐப்பசி அடமழையில நீ பொறந்த” என்பாள். 1968 டிசம்பர் 25ந் தேதி ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட வருஷம் அது. அந்த அரைப்படி இல்லாத வயிற்றுக்குள்தான் நான் இருந்திருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் டெல்டாவில் எங்கள் சனத்துக்கு என்ன மாதம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடவு முடிந்துபோகும். அறுப்புக்குத் தை வர வேண்டும். நடுவில் வேலையும் இல்லை, நெல்லும் இல்லை. பானையில் தண்ணீர்தான் நிறைய இருக்கும். புரட்டாசி முழுக்க ஆத்தா குனிந்து நாற்று நட்டிருக்கிறாள், வயிற்றில் என்னை வைத்துக்கொண்டு. “நிறைமாசம்னு எவன் பாத்தான்? வரிசை பிந்தினா காரியக்காரரு கத்துவாரு. பொழுது சாஞ்சு வந்து படுத்தா இடுப்பு எங்க இருக்குன்னே தெரியாது.” என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் விரலை மடக்குவாள். காலையில் நீச்சத்தண்ணி. வயலில் பிடித்த நண்டு, நத்தை. வரப்புக் கீரை. குளத்தில் அல்லிக்கிழங்கு. (நண்டையும் நத்தையையும் அசிங்கம் என்று எங்களைக் காறித் துப்பிய ஊர்தான். இன்றைக்குப் புரதம் என்று அட்டவணை போட்டுச் சொல்கிறார்கள். அது மட்டும் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.) பண்ணை வீட்டம்மா ஆத்தாவுக்குப் புத்தி சொன்னாளாம்: “அதிகமா தின்னாத, புள்ள பெருத்துடும், பேறுகாலம் கஷ்டமாயிடும்.” ஆத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். “அதிகமா திங்க எங்க இருந்துச்சு?”

பேறு பார்த்தது எங்கள் தெருக் கிழவிதான். துடைத்து முறத்தில் போட்டிருக்கிறார்கள். “மொறத்துல கால் பங்கு கூட இல்ல, எலிக்குஞ்சாட்டம் கெடந்த.” சேரியில் எனக்குச் சுண்டெலி என்றுதான் பேர். என்ன எடை இருந்தேன் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊரில் அளந்ததெல்லாம் நெல்தான்.

பிறகு எங்கோ ஓர் ஊரில் குழந்தைகளை அளந்த கதையைப் படித்தேன். மருத்துவத் துறையில் இருக்கும் தோழர் ஒருவர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார், வரிவரியாய்ப் பொருளும் சொன்னார். லண்டனுக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்று ஒரு மாவட்டம். 1911லிருந்து அங்கே செவிலிப் பெண்கள் வீடு வீடாகப் போய், பிறந்தபோது என்ன எடை, ஒரு வயதில் என்ன எடை என்று பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைமை எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்கிற அம்மாள். அந்தப் பேரேடுகள் பிழைத்துக் கிடந்தன. டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் கையில் அவை கிடைத்தன.

பார்க்கருக்கு முதலில் வந்தது ஒரு சந்தேகம். மாரடைப்பு தின்று கொழுத்த பணக்காரன் வியாதி என்கிறார்கள், ஆனால் இங்கிலாந்தில் ஏழை ஊர்களில்தானே அதிகம் சாகிறார்கள்? 1986ல் அவரும் ஆஸ்மண்டும் இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1921-25ல் கைக்குழந்தைகள் அதிகம் செத்த ஊர்களிலேயே, 1968-78ல் பெரியவர்கள் மாரடைப்பில் அதிகம் செத்திருந்தார்கள். செத்த பிள்ளைகளோடு பிறந்து, சாகாமல் தப்பித்த பிள்ளைகள் இவர்கள். பட்டினி அவர்களைக் கொல்லவில்லை, உள்ளே தங்கிவிட்டது. அப்புறம் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பேரேட்டிலிருந்து 1911-30ல் பிறந்த 5,654 ஆண்களைத் தேடிப் பிடித்து 1989ல் எழுதினார். ஒரு வயதில் 18 பவுண்டு, அதாவது 8 கிலோ சொச்சத்துக்கு மேல் போகாதவர்கள், 27 பவுண்டைத் தாண்டியவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருதய நோயில் செத்திருந்தார்கள். பிறந்தபோது எடை குறைந்தவர்களுக்குப் பின்னால் இரத்த அழுத்தம் கூடுகிறது என்றும் அதே வருஷம் அவரும் மற்றவர்களும் எழுதினார்கள்.

இது எப்படி நடக்கும் என்று தோழரைக் கேட்டேன். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குத் தீனி பற்றாதபோது உடம்பு மூளைக்கு முதலில் கொடுத்துவிட்டு மற்றதுக்கு வயிற்றைக் கட்டுகிறது என்றார். சரியாக ஆத்தா செய்ததுதான். பிள்ளைகளுக்கு முதலில் ஊற்றிவிட்டு அவள் பானையைச் சுரண்டுவாள். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன, நெஃப்ரான் என்று பேர். ஒரு சிறுநீரகத்துக்குச் சுமார் 10 லட்சம். ஆளுக்கு ஆள் எண்ணிக்கை நிறைய மாறும். பிரசவத்துக்குச் சில வாரம் முன்னாலேயே அது முடிந்துவிடும், அதற்கப்புறம் ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது. குறைந்த வடிகட்டியோடு பிறந்தவனுக்கு இருக்கிறதெல்லாம் கூடுதலாக உழைக்க வேண்டும், உப்பை வெளியே தள்ள அழுத்தம் ஏற வேண்டும். 1988ல் பிரென்னர் என்ற அமெரிக்க சிறுநீரக மருத்துவர் சொன்ன கருத்து இது. அதே கருவாடு ஒருத்தனுக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருத்தனுக்கு ஏறும். டாக்டருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை எனக்கு. என் சிறுநீரகத்தில் மிராசுதாரின் மரக்கால் இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் பேசிக்கூட விட்டேன். கைதட்டினார்கள்.

கொஞ்சநாள் கழித்துத் தோழர் வேறொரு கட்டைக் கொண்டுவந்து போட்டார். “இதையும் படிங்க தோழர், கைதட்டு வாங்கினது போதும்.”

மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் 1934லிருந்து பிறந்த பிள்ளைகளின் எடைக் கணக்கு இருக்கிறது. பெரியவர்களாகிவிட்ட அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 1996ல் வந்த முடிவு: இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய், மூன்று கிலோவைத் தாண்டிப் பிறந்தவர்களில் 3 பேருக்குத்தான். சரி. ஆனால் 2000த்தில் வந்த இன்னொரு கட்டுரை, அதே மைசூரில் சிறிதாய்ப் பிறந்ததற்கும் பிரஷருக்கும் சம்பந்தம் காணோம் என்கிறது. மற்ற நாடுகளில் காணப்பட்டதும் மலை இல்லை. பிறப்பு எடை ஒரு கிலோ கூடினால் மேல் அழுத்தம் ஒன்றோ இரண்டோ புள்ளி குறையும், அவ்வளவுதான், அதுவும் குறைவாகவே இருக்கலாம் என்று 2002ல் கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். என் 170ல் ஆத்தாவின் ஐப்பசிக்கு எத்தனை பங்கு? ஒன்று, இரண்டு. மிச்சம்?

மிச்சத்துக்கு நானும் சாட்சி. சுண்டெலியாய்ப் பிறந்து, வரப்பில் பூவரச மரத்துத் தூளியில் கிடந்து, நடவு கரையேறும் வரை பாலில்லாமல் அழுது, விடுதியில் புழுத்த சோறு தின்று வளர்ந்தவன் இடஒதுக்கீட்டில் ஒரு நாற்காலிக்கு வந்தேன். உட்கார்ந்தேன். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. முப்பத்தைந்து வயதில் தொப்பை விழுந்தது. ஆத்தா அதைத் தடவிப் பார்த்து, “இப்பதாண்டா ஆளாட்டம் இருக்க” என்றாள். அந்தத் தொப்பையை நான் குறைக்க நினைக்கவே இல்லை. எங்கள் வம்சத்தில் முதல் தொப்பை அது. அதன்மேல் சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஊருக்குள் நடந்திருக்கிறேன். டெல்லியில் 1969-72ல் பிறந்தவர்களைப் பிறந்ததிலிருந்து அளந்து வந்திருக்கிறார்கள். இரண்டு வயது வரை மெலிந்து கிடந்து, அதற்கப்புறம் விடாமல் சதை போட்டவர்களுக்குத்தான் சர்க்கரை அதிகம் வந்தது என்று 2004ல் எழுதினார்கள். பிரேசில், குவாத்தமாலா, இந்தியா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஐந்தும் சேர்ந்து 2013ல் சொன்னது பிரஷருக்கும் பொருந்துகிறது: முதல் இரண்டு வருஷம் பிள்ளை வளர்வது, முக்கியமாக உயரமாவது, நல்லது, படிப்புக்கும் நல்லது. அதற்குப் பின்னால் உயரத்தை மீறி எடை ஏறுவதுதான் அழுத்தத்தைக் கூட்டுகிறது.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ‘பிறப்பிலேயே’ என்கிற வார்த்தையைக் கேட்டாலே எங்களுக்குக் குலை நடுங்கும். பிறப்பை வைத்துத்தானே எல்லாம் செய்தார்கள். நாளைக்கு ஒருத்தன் வந்து, இவர்கள் உடம்பே அப்படித்தான், ரத்தத்திலேயே குறை என்று இதே ஜெராக்சைக் காட்டிப் பேசலாம். பார்க்கர் பேசியது அந்தப் பிறப்பை இல்லை. தாய் என்ன தின்றாள், எவ்வளவு நேரம் குனிந்து நின்றாள் என்பதை. அதைக் கூலிக்காரியும் மாற்றலாம், சர்க்காரும் மாற்றலாம். கொஞ்சம் மாறியும் இருக்கிறது. ஆனாலும் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குக் கீழே நூற்றுக்கு 35 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமில்லை. தமிழ்நாட்டில் 25. அந்த 25ல் யார் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2016ல் என் மகளுக்குப் பெண் பிறந்தது. 2 கிலோ 100. ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை ஆடியது. என் மனைவி ஒரே பிடியாக நின்றாள்: “புள்ளைய தேத்தணும்.” பவுடர் பால் டப்பா வந்தது. நான் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் பெரிய சண்டை. “ஒங்க புஸ்தகத்த வச்சு எம் பேத்திய பட்டினி போடறீங்களா?” என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அறுத்தது. பட்டினியை யார் யாரிடம் சொல்வது! தாய்ப்பால் போதும், ஆறு மாதத்துக்கப்புறம் முட்டையும் பருப்பும் நண்டுச் சாறும் கொடுப்போம், பிஸ்கட்டும் சர்க்கரையும் வேண்டாம் என்று மகள்தான் நடுவில் நின்று பேசி முடித்தாள்.

ஒரு வயதில் அங்கன்வாடியில் தொங்குதராசில் போட்டார்கள். ஆத்தாவும் வந்திருந்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் பிரஷர் ஏறி அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கை மடியில் கிடக்கும். இடது கையால் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 8 கிலோ 400. அந்தப் பெண் அட்டையில் புள்ளி வைத்தாள். 18 பவுண்டைத் தாண்டிவிட்டது என்று என் மனசு கணக்குப் போட்டது. அது வெள்ளைக்கார ஆண்பிள்ளைகளின் கணக்கு, இருந்தாலும்.

ஆத்தா அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் கோணியதால் பேச்சு குழறும்.

“நீ எவ்வளவு இருந்திருப்ப?”

“தெரியாது ஆத்தா.”

“களத்துல பெரிய தராசு ஒண்ணு தொங்குச்சு. நெல்லு மூட்ட போடுறது. உன்னத் தூக்கிக்கிட்டு அறுப்புக்குப் போறப்ப பாப்பேன்.”

“போட்டுப் பாத்திருக்கலாம்ல?”

“போடா” என்றாள். “தொட விடுவானா?”