மழையிலும் பால் கறந்தவர்

விடுதியில் என் அறைத் தோழன் ஒருவன் எப்போதும் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் இருப்பான். அதில் காட்டையும் மிருகங்களையும் காக்கும் சாமி ஒன்று வரும். அது தொட்டால் அடிபட்ட மான் எழுந்து ஓடும்! "எங்க ஊருப் பக்கம் இவரு கல்லுலயே இருக்காருடா" என்றேன். சிரித்தான். நண்பர்களே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். எல்லோரும் யானையோடு போட்டோ எடுத்துக்கொண்டு கடற்கரைக் கோயிலுக்கு ஓடிவிடுவார்கள். உள்ளே போனால் பாறையில் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான் கண்ணன். 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகர காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஊருக்கே குடை பிடித்தவருக்குத் தொள்ளாயிரம் வருஷம் கழித்துத்தான் கூரை கிடைத்தது!

கதை தெரியும்தானே? இந்திரனுக்குப் பூசை வேண்டாம், நமக்குப் புல் தரும் மலையையும் மாட்டையும் கும்பிடுவோம் என்றான் கண்ணன். இந்திரனுக்குக் கோபம், ஏழு நாள் அடைமழை. மலைக்கு அடியில் ஆயர்களும் மாடுகளும் ஒதுங்கினார்கள். அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் சிற்பத்தில் யாரும் பயந்து நிற்கவில்லை. ஒருவர் குழல் ஊதுகிறார். ஒருவர் பால் கறக்கிறார். மாடு கன்றை நக்குகிறது.

பள்ளிச் சுற்றுலாவில் முதலில் பார்த்தபோது எனக்கு அது தப்பாகப் பட்டது. இவ்வளவு மழையில் எவனாவது பால் கறப்பானா?

2015 டிசம்பரில் பதில் கிடைத்தது. நான் அப்போது நான்காம் வகுப்பு. நாவலூரில் எங்கள் கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். அப்பா இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு, பாதி கட்டி நின்ற ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கட்டினார். எங்களைப் போல அங்கே இன்னும் நாலைந்து குடும்பம். கரண்ட் இல்லை. விடியற்காலையில் விழித்தால், 'சர்... சர்...' என்று சத்தம். அப்பா கறந்துகொண்டிருக்கிறார்!

"இப்பவுமாப்பா?"

"மடி கட்டிக்கும்டா. மழைன்னா அதுக்குத் தெரியுமா? கறந்துதான் ஆவணும்."

அந்தப் பாலை ஆயா அங்கிருந்த குழந்தைகளுக்கெல்லாம் காய்ச்சிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

அந்த மழையில் தப்பிய மாடுகள் அப்புறம் தப்பவில்லை. மேய்ந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக வேலி ஏறியது. தீவனம் விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. 2019-ல் சின்ன மாடு போனது, மறு வருஷம் லட்சுமியும். வண்டியில் ஏற மாட்டேன் என்று அவள் காலை ஊன்றிக்கொண்டதை நான் எழுத விரும்பவில்லை. அப்பா இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நானோ சிவில் படிக்கிறேன். கட்டடம் கட்ட!

போன பொங்கல் லீவில் அப்பாவை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். மண்டபத்தில் கண்ணனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக மாட்டுக்கு முன்னால் போய் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கன்னை நக்க உட்டுட்டுக் கறக்கறான் பாரு. அப்பதான் பால் எறங்கும். செதுக்கினவன் மாடு வச்சிருந்தவன்டா."

பிறகு கொஞ்சம் தள்ளி வந்து, மறுபடி திரும்பிப் பார்த்தார்.

"லட்சுமிக்கும் இதே மாதிரி கழுத்து. இல்ல?"

"ஆமாம்பா" என்றேன்.

- மூன்றாம் ஆண்டு, சிவில்