வலிக்காத நோய்க்கு யார் ஒரு நாள் கூலியை விடுவாங்க?

1/ "மாத்திரையை ஏம்மா நிறுத்துனீங்க?" உசிலம்பட்டி பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மாவை ஓபியில வெச்சு திட்டிட்டேன். பிபி 190/110.

2/ "மதுரைக்கு வந்து போனா ஒரு நாள் கூலி போயிருது சாமி. நல்லாத்தானே இருந்தேன்"னாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரல.

3/ ரத்த அழுத்தம் வலிக்காது. அதனால மாத்திரை முதல்ல நிக்கும். ஆனா பக்கவாதம் வந்தா ரெண்டு பேர் கூலி போகும்: படுத்தவங்களோடது, பார்த்துக்கிறவங்களோடது.

4/ 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சரியா இந்த இடத்தைத்தான் பிடிச்சது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து, மாத்திரை கொடுத்துட்டுப் போவாங்க. பஸ் செலவும் இல்ல, கூலி இழப்பும் இல்ல. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைச்சது.

5/ ஆனா இது நோய் வந்த பிறகு நடக்கிற வேலை. தடுக்கிறது அடுப்படியில தொடங்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற உப்பு அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழ. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

6/ உங்க வீட்டுல 30 வயசு தாண்டினவங்க கடைசியா எப்போ பிபி, சுகர் பார்த்தாங்க? ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமா பார்ப்பாங்க.

7/ யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா திட்டாதீங்க. ஏன்னு கேளுங்க. நான் அதைத் தாமதமாத்தான் கத்துக்கிட்டேன்.