பாட்டி எங்கே சென்றார்?

போலந்துத் தலைநகர் வார்சாவில் தமிழ் கற்பித்த ஆண்டில், தைப் பொங்கலுக்கு மாணவர்கள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தேன். ஜனவரியில் அங்கே காலை ஏழரைக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். அன்று அதுவும் தலைகாட்டவில்லை. மின் அடுப்பில் எவர்சில்வர் பானை. மஞ்சள் கொத்து கிடைக்காததால், கடையில் வாங்கிய மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினோம். இறைச்சி தட்டும் சுத்தியலால் ஒரு மாணவி வெல்லத்தை உடைத்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், எதிர்பாராமல் வரும் ஒருவருக்காக ஒரு தட்டைக் காலியாக வைப்பது போலந்து வழக்கம். அதைச் சொல்லிவிட்டு, பொங்கலில் அப்படி ஏதும் உண்டா என்று அவள் கேட்டாள். "பொங்கலே அப்படித்தான். சாதி இல்லை, மதம் இல்லை. எல்லோரும் ஒரே பானையைச் சுற்றி நிற்போம்" என்றேன். மேடையில் பேசிப் பழகிய வாய்.

அதற்கு முந்தைய வாரம் புறநானூற்றின் 246ஆம் பாடலை நடத்தியிருந்தேன். கணவன் பூதப்பாண்டியன் இறந்தபின் பெருங்கோப்பெண்டு பாடியது. நெய் சேராத சோறும் எள் துவையலும் கீரையும் தின்று, பாய்கூட இல்லாமல் கல்லில் படுத்துக் கிடக்கும் கைம்மை வாழ்க்கையைவிடச் சிதையே மேல் என்கிறாள் அவள். "இப்போதும் இப்படியா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். "இல்லை, அது பழங்காலம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

பால் விளிம்புக்கு ஏறும் நேரத்தில் ஊரிலிருக்கும் அம்மாவை வீடியோவில் அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்று மணி. "வணக்கம் பாட்டி" என்று ஆறு குரல்கள். அம்மாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. "இதோ பொங்கப் போவுதும்மா, பாரு" என்று கைபேசியைப் பானைப் பக்கம் திருப்பினேன். மறுபடி பார்த்தபோது திரையில் அம்மா இல்லை. சுவரும் நாள்காட்டியும் மட்டும் தெரிந்தன.

"பாட்டி எங்கே சென்றார்?" என்று பாடநூல் தமிழில் கேட்டாள் அந்த மாணவி.

எங்கே சென்றார் என்று எனக்குத் தெரியும். அப்பா இறந்து அப்போது பதினொரு ஆண்டுகள். பொங்கலன்று விடியுமுன் வாசல் தெளிப்பது, அரிசி களைவது, வெல்லம் பொடிப்பது எல்லாம் அம்மாதான். பால் பொங்கும் நேரத்தில் மட்டும் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அண்ணிதான் அரிசி போடுவார். யாரும் அம்மாவைப் போகச் சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. கைம்மை பற்றிய என் கவிதைகளுக்கு அரங்குகளில் கைதட்டல் கிடைத்திருக்கிறது. அவற்றை எழுதிய பிறகும், ஒவ்வொரு தையிலும் அண்ணி பக்கத்தில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கூவியவள்தான் நான்.

மாணவர்களிடம் அதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் கூவவில்லை. "அப்படியென்றால் அது பழங்காலம் இல்லை" என்றான் ஒருவன். குற்றம் சாட்டும் குரல் இல்லை. குறிப்பேட்டில் தவறாக எழுதியதைத் திருத்திக்கொள்பவனைப் போலச் சொன்னான். அம்மா திரும்பி வந்து, "எந்தப் பக்கம் பொங்கி வழிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த தைக்கு ஊரில் இருந்தேன். பால் பொங்கும்போது கொல்லைக்கு நகர்ந்த அம்மாவின் கையைப் பிடித்து, "அரிசியை நீ போடும்மா" என்றேன். "பச்சப்புள்ள இருக்கிற வீடு, வேணாம்டி" என்றாள். அண்ணி முறத்தை நீட்டினார். "போடுங்க அத்தை." அம்மா ஒரு கை அள்ளிப் போட்டாள்.

அன்றிரவு அண்ணன் மகனுக்குக் காய்ச்சல். "நாந்தான் வேணாம்னேனே" என்று சொல்லிவிட்டு, விடிய விடிய அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அதுவரை அம்மா என்னிடம் பேசவில்லை. தப்பு அரிசி போட்டதில் இல்லை என்று இப்போதும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் அந்த இரண்டு இரவுகளின் பயம் முழுவதும் அவளுடையது. அதை யோசிக்காமல்தான் அவள் கையைப் பிடித்தேன்.

அதற்கடுத்த ஆண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. பால் பொங்கியபோது அம்மா கொல்லைக்குப் போகவில்லை, நிலைப்படியில் நின்றாள். அண்ணி முறத்தை நீட்டினார். அம்மா பேரனைக் கூப்பிட்டு, நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கை அரிசி போட்டாள்.

246ஆம் பாடலை இப்போதும் நடத்துகிறேன். "இப்போதும் இப்படியா?" என்று யாராவது கேட்டால், உங்கள் வீட்டில் பால் பொங்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்கிறேன்.